மலையை மறைத்த என் முகம்

திருவண்ணாமலை,
தீபத்துக்கு மறுநாள்.

அன்பு மகள் தேவசேனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம், என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் எதிர்க்கட்சி. அங்கே டப்ளின் மழையில் நீயும் மாப்பிள்ளை பிரதோஷும் சளி இருமல் இல்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை நிற்கட்டும். மாமா அனுப்பிய வீடியோவில் அப்பா ஏன் புது மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார் என்று போன வாரம் போனில் கேட்டாய். அம்மா போனைப் பிடுங்கி, அதை அவரே சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போனில் சொன்னால் பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள், வாட்ஸப்பில் எழுதினால் உனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். அதனால்தான் இந்தத் தபால். அவள் வேறு மாதிரி சொன்னால் அதுவும் நடந்ததுதான், ஆனால் வரிசை தப்பாக இருக்கும். முப்பது வருஷமாக வரலாறு நடத்துகிறவனுக்கு வரிசை முக்கியம்.

உன் மாமன் விமல்ராஜ் ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் முறை. அவன் புதுமனைப் புகுவிழாவில் என்னை மூன்றாவது வரிசையில், ஜெனரேட்டர் பக்கத்தில், உட்கார வைத்ததிலிருந்து நான் அவனோடு பேச்சை நிறுத்தியது உனக்குத் தெரியும். என் டியூஷனில் கணக்கில் பதினொரு மார்க் வாங்கியவன், இன்று அடி அண்ணாமலை தாண்டி தீப தரிசன நகர் என்று போட்டு மனை விற்கிறான். முதல் இரண்டு பகுதி போய்விட்டதாம், மூன்றாவது நகரவில்லையாம். விளம்பரத்துக்காகச் சென்னையிலிருந்து அன்புச்செல்வி என்று ஒரு பெண்ணை வைத்திருக்கிறான். விற்கிறவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், வாங்கினவர் வாயால் சொன்னால்தான் நம்புவார்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பெயர் டெஸ்டிமோனியலாம். இவனிடம் வாங்கினவர்களில் பாதிப் பேர் பத்திரம் வாங்கிய பிறகு மனைப் பக்கமே வராத வெளியூர்க்காரர்கள், மீதிப் பேர் இவன் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்காதவர்கள். கடைசியில் நினைவுக்கு வந்தவன் நான். உன் அம்மாவின் நச்சரிப்பில் ஆறு வருஷம் முன்பு பதினேழாம் நம்பர் மனை வாங்கியவன் ஆயிற்றே. "மாமா, ஊர்ல பாதிப் பேர் உங்ககிட்ட படிச்சவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றான். உன் அம்மா குடும்பத்திலிருந்து இப்படி ஒரு வாக்கியத்துக்காக நான் இருபத்தொன்பது வருஷம் காத்திருந்தேன். உள்ளே குளிர்ந்தது உண்மை. ஆனால் ஒப்புக்கொண்டது அதற்காக இல்லை. கேமரா முன்னால் உட்கார்த்தி வைத்து, சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். ஆறு வருஷத்துக் குறையை ஒழுங்காக, தேதியோடு சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

மனையிலேயே நாற்காலி போட்டு, மலை பின்னால் தெரிய, நீ வீடியோவில் பார்த்த நீலச் சட்டையோடு என்னை உட்கார வைத்தார்கள். நாற்பது நிமிஷம் பேசினேன். முப்பது அடி ரோடு என்று சொல்லிவிட்டுப் பதினொரு அடி விட்டதையும், மீதியில் ஒரு பாகத்தில் தன் சிமெண்ட் ஷெட்டைக் கட்டிக்கொண்டதையும், பூங்கா என்பது ஒரு வேப்பங்கன்றும் ஒரு பெயர்ப் பலகையும் மட்டுமே என்பதையும் விட்டுவைக்கவில்லை. அன்புச்செல்வி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். வரலாற்றை இவ்வளவு ஆர்வமாகக் கேட்ட மாணவி எனக்கு வாய்த்ததே இல்லை. கடைசியில், "சார், இங்கேருந்து தீபம் தெரியுமா?" என்றாள். "தெரியும். தெரியாம எங்க போகும்? மலையையும் சேர்த்தா இவன் ப்ளாட் போட்டுட்டான்?" என்று சொல்லி, என் பேச்சுக்கு நானே சிரித்தேன். நீ பார்த்தது அந்தச் சிரிப்புதான். நாற்பது நிமிஷம் இருபது நொடியாகிவிட்டது. எனக்கு இங்கே மனை இருக்கிறது, முப்பது அடி ரோடு, பூங்கா, தீபம் தெரியும், பிறகு சிரிப்பு, பின்னால் நாதஸ்வரம். தலைமையாசிரியர் நாற்காலியை எனக்குத் தராமல் பள்ளிச் செயலாளர் தன் உறவுக்காரருக்குத் தந்தபோதுகூட நான் இவ்வளவு சுத்தமாக ஏமாந்ததில்லை.

வீடியோவோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஐப்பசி பதினெட்டாம் தேதி பள்ளி விட்டு வருகிறேன், நம் வீட்டுக்கு எதிரே அவன் ஆபீஸ் இருக்கும் கட்டடத்தின் உச்சியில் முப்பது அடி உயரத்துக்கு நான் நிற்கிறேன். கீழே என் பெயர், படிப்பு, அதற்குக் கீழே "இங்கிருந்து தீபம் தெரியும்" என்று கொட்டை எழுத்து. செங்கம் ரோட்டில் போகிற வெள்ளைக்காரர்கள்கூட நின்று படம் எடுத்தார்கள். பொய் சொல்வானேன், முதல் நாள் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் துணி உலர்த்த மாடிக்குப் போன அம்மா வாளியோடு அப்படியே இறங்கி வந்தாள். நம் மாடியிலிருந்து பார்த்தால் மலை உச்சி சரியாக என் நெற்றிக்குப் பின்னால் போய்விட்டது. உனக்கு அவளுடைய கணக்கு தெரியும். தீபத்தன்று காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது, சாயங்காலம் நம் மாடியில் நின்று மலைமேல் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டு விளக்கை ஏற்றுவாள், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. நீ பிறந்த வருஷம் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டும் அப்படித்தான். பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்ப் பார்க்கலாமே என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "எந்த வீட்டுக்கு? இந்தப் பக்கத்து வீட்டோட சாக்கடைக்கு சண்டை, அந்தப் பக்கத்து வீட்டோட மாமரத்துக்கு சண்டை. ஊர்ல ஒரு மாடி மிச்சம் வைக்கல நீங்க. இருந்த ஒரு மாடிக்கும் உங்க மூஞ்சியே குறுக்க நிக்குது" என்றாள். தம்பியிடம் தானே சொல்வாள் என்று பார்த்தேன். நீங்க நின்ன படம், நீங்களே சொல்லி இறக்குங்க என்று விட்டுவிட்டாள்.

சொல்ல வேண்டியது ஒரே வரிதான். ஆனால் நான் அவனிடம் போய் ஒன்றைக் கேட்பதா? ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார வைத்தவனிடமா? அதற்குப் பதில் எனக்கு வேறு யோசனை வந்தது, இப்போதும் அது நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய நாளிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் ஆபீஸுக்குக் கீழே டீக்கடை வாசலில், என் படத்துக்கு நேர் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மனை பார்க்க வேனில் வருகிறவர்கள் மேலே பார்ப்பார்கள், கீழே பார்ப்பார்கள், உடனே வந்து சூழ்ந்துகொள்வார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். தாம்பரத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், தீபம் நல்லாத் தெரியுமா சார் என்று கேட்டார். மனையில் தெரியும், என் வீட்டில்தான் தெரியாது என்றேன். ஏன், யார் மறைக்கிறார்கள் என்றார். மேலே கையைக் காட்டி, அவர்தான் என்றேன். ரோடு எப்படி என்றால், டேப் கொண்டு போங்கள் என்றேன். பூங்கா எப்படி என்றால், தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும் என்றேன். டீக்கடைக்காரனுக்கு ஐந்து நாளில் வியாபாரம் ஜாஸ்தி. எட்டாம் நாள் விமல்ராஜே இறங்கி வந்தான். "மாமா, நாலு வேன் அப்படியே திரும்பிப் போயிடுச்சு" என்றான். நான் ஒரு பொய்யாவது சொன்னேனா என்று அவன் முகத்தைப் பார்க்காமல் டீக்கடைக்காரனிடம் கேட்டேன். "பொய் சொல்லியிருந்தா சமாளிச்சிருப்பேனே" என்றான் விமல் பரிதாபமாக. ரோடு விஷயத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ரோடுதான் என் குறை என்று அவன் நினைத்துக்கொண்டான். படத்தை இறக்கு என்று அப்போதும் என் வாயிலிருந்து வரவில்லை. தானாகத் தெரிய வேண்டாமா என்று இருந்தேன்.

நேற்று தீபம். ஊருக்குள் வண்டி விடவில்லை, தெருவெல்லாம் தலை. காலையில் அம்மா மாடியைக் கழுவிக் கோலம் போட்டாள், அடைக்கு ஊற வைத்தாள், பொரி உருண்டை பிடித்தாள், விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றி வரிசையாக வைத்தாள். மூன்று மணிக்கு மாடி ஏறி, என் படத்தைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்துவிட்டாள். உதடு காய்ந்திருந்தது. "பதினோரு நாள் எரியும். நாளைக்கு ஒரு இடுக்கு கிடைச்சா பாத்துக்கறேன். அதுவரைக்கும் இருக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள், சேனா. நான் மாடிப் படியில் உட்கார்ந்து, அவன் நம்பர் என் போனில் இல்லாததால் அவள் போனை எடுத்து, ஏழு வருஷத்துக்குப் பிறகு அவனுக்குப் போன் செய்தேன். "விமல், உங்க அக்கா இன்னும் தண்ணி குடிக்கல. எங்க மாடிலேருந்து மலை தெரியல" என்றேன். எப்பத்திலேருந்து தெரியல என்று கேட்டான். ஐப்பசி பதினெட்டு என்றேன். "டீக்கடையில நீங்க சொன்னத கேட்டேன் மாமா. எப்பவும் போல குத்தலா பேசறீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை நேரா கேட்டிருந்தா அன்னிக்கே எறக்கியிருப்பேனே" என்றான். நாற்பது நிமிஷம் பேசியபோதும் ஒன்பது நாள் உட்கார்ந்தபோதும் நான் சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை.

ஃப்ளெக்ஸ் இறக்குகிற ஆட்கள் ஒருவரும் கிடைக்கவில்லை. ஐந்தேகால் மணிக்கு உன் மாமன், அந்தத் தொப்பையோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழம் நறுக்குகிற கத்தியோடு பின்பக்கத்து இரும்பு ஏணியில் ஏறினான். பின்னாலிருந்து பார்த்தால் அவனுக்கு என் முகமும் தெரியாது, நம் மாடியும் தெரியாது, வெறும் வெள்ளைத் துணிதான். போனைக் காதில் செருகிக்கொண்டு, சொல்லுங்க மாமா என்றான். நான் சொன்னேன், அவன் கிழித்தான். முதலில் என் இடது காது போயிற்று. என் இடப்பக்கமா உன் இடப்பக்கமா என்ற குழப்பத்தில் ஒரு கண் போயிற்று. அம்மா எழுந்து வந்து போனை வாங்கி, "டேய் விமலு, புருவத்துக்கு மேல, இன்னும் ஒரு முழம்" என்றாள். தெருவில் அத்தனை கூட்டமும் நின்று வேடிக்கை பார்த்தது. ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது என் நெற்றி சதுரமாகக் கழன்று கீழே விழுந்தது. அந்த ஓட்டையில் மலை உச்சி, அளவெடுத்து வைத்தது மாதிரி. ஆறு மணிக்கு வேட்டு, ஊர் முழுக்க அரோகரா, என் நெற்றி நடுவில் தீபம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, விளக்கேற்றி, ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு மேலேயும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இருபத்தொம்பது வருஷத்துல இன்னிக்குத்தான் உங்க தலையில வெளிச்சம் பாக்கறேன்" என்றாள். இருட்டில் ஏணி இறங்கப் பயந்து மேலேயே உட்கார்ந்திருந்தவன் போனில் இதைக் கேட்டுச் சிரித்தானே, அந்தச் சிரிப்பை நான் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

அம்மா டார்ச் அடித்து அவனை இறக்கி வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஏழு அடை சாப்பிட்டான். நானே பரிமாறினேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே, முதல் வரிசையில் உட்கார வைத்தேன், அவ்வளவுதான். கூட்டம் எடுத்த படம் காலைக்குள் ஊரெல்லாம் சுற்றி, மூன்றாவது பகுதியைக் கேட்டு இன்று பதினாறு பேர் போன் செய்தார்களாம். ஓட்டையோடு இருக்கட்டும் மாமா என்று கெஞ்சுகிறான். அன்புச்செல்வி அம்மாவிடம் ஒரு டெஸ்டிமோனியல் கேட்டு வந்தாள். ரோடு முப்பது அடி ஆகட்டும், அப்புறம் பேசுறேன் என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். நாற்பது நிமிஷம் நான் சொன்னதை ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

மழையில் குடையை மறந்துவிட்டுப் போகாதே. மாப்பிள்ளையிடம் ஏதாவது வேண்டுமானால் வாய்விட்டுக் கேள், தானாகத் தெரியட்டும் என்று இருக்காதே, அது என் பக்கத்து ரத்தம். மாமாவுக்கு ஒரு போன் போடு. பக்கத்து வீடு இரண்டுக்கும் பொரி உருண்டை கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா காலையில் இரண்டு தட்டு கொடுத்தாள். சாக்கடை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், உள்ளே வரச் சொன்னார்கள். மாமர வீட்டுத் தட்டு இதை எழுதும் மேஜைமேல்தான் இருக்கிறது. இந்தத் தபாலைப் போடப் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் இருக்க அம்மாவும் நானும் மலையைப் பார்த்து ஆசீர்வதிக்கிறோம்.

உன் அப்பா,
கலையரசன்

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகும் முன் டேப்போடு மனைக்குப் போய் வந்தேன். ஷெட்டைப் பிரித்துவிட்டான், ரோடு பத்தொன்பது அடி. இன்னும் பதினொன்று பாக்கி. அதுவரை மாமா கேட்டால் வீடியோவில் சிரித்துவிடாதே.