களப்பின் வாய் வெட்டிய வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சி,

இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இப்போதுதான் கண்ணயர்ந்தான். ஏணைக்குள் கையை விட்டு மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

ஏணைச்சீலை நனைந்துவிட்டதென்று இன்று ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கிற புதுச் சாரன் ஒன்றைப் பிரித்துக் கட்டினேன். கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் வேன் வாசலில் வந்து நின்றதுபோல இருந்தது. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன பட்டாள வேன். உன் வாப்பா, என் மாமா, அதற்குள் பலகை அடித்து வீடாகவே ஆக்கியிருந்தார். ஒரு பக்கம் விற்கிற சாரன் மூட்டைகள், மறுபக்கம் நமக்குப் படுக்கை, கூரையில் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு சைக்கிள். கல்லூரி விடுமுறைக்கு வந்த நம் இருவரையும் பொத்துவில் வரை கரையோரமாகக் கூட்டிப்போக அவருக்கு மனம் வந்தது. ஊருக்குள் தொடவிடாத சைக்கிளைத் திருக்கோவில் தாண்டியதும் இறக்கித் தந்தார்.

"ஈர மண்ணுலயே மிதி புள்ள, காஞ்ச மண்ணுக்கு ஏறினாப் புதைஞ்சிருவாய்" என்று கத்திக்கொண்டே நீ முன்னால் போனாய். நான் மூன்று தரம் விழுந்தேன். "விழுந்தாலும் முக்காடு விழல்ல பாரு! உன்ட உம்மா கேட்டாச் சந்தோசப்படுவா" என்று நக்கலடித்தாய்.

கோமாரியில் மாமா வியாபாரத்துக்கு வேனை நிறுத்தினார். களப்புத் தண்ணீருக்கும் கடலுக்கும் இடையில் கிடந்த மணல் திட்டைக் கடந்து, அப்பால் தெரிந்த மலைப்பாறைக்கு ஏறிவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டோம். "மண்வெட்டியோட ஆக்கள் நிண்டாத் திட்டத் தாண்டாதிங்க மனே" என்றார் மாமா. மழைத் தண்ணீர் களப்பில் ஏறி வயலை மூடப்போனால், கமக்காரர் திட்டை வெட்டிக் கடலுக்கு விட்டுவிடுவார்கள். நாம் போனபோது பத்துப்பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு முன்னம் எவன் மண்வெட்டியில கை வைப்பான்? வா கா" என்றாய் நீ.

நானும் ஓம் என்றேன். அவர்கள் பள்ளிக்கல்ல, கோயிலுக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நல்ல நாள் என்பது படித்த இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முள்ளுப் பற்றைக்குள் நடந்து பாறை உச்சிக்கு ஏறித் திரும்பிப் பார்த்தோம். திட்டு உடைந்து, கலங்கிய தண்ணீர் நீலக் கடலுக்குள் விரிந்துகொண்டிருந்தது. "சுப்ஹானல்லாஹ், என்ன வடிவு!" என்று நீ கைகொட்டினாய். உடைந்தது நாம் திரும்பிப் போகவேண்டிய வழி என்று எனக்குத்தான் முதலில் விளங்கியது.

களப்பைச் சுற்றி வரலாமென்றால் யானைக் காடு. ஒரு கமக்காரர் தன் வயல் வாடிக் குடிசையில் இடம் தந்தார். அவருடைய தாய்க்கு இருபுறமும் நாம் படுத்தோம். அவர் வெளியே காவல் தீயருகே இருந்தார். மறுநாள் காலை தோணியில் நம் இருவரையும் அக்கரை சேர்த்ததும் அவர்தான்.

ஊர் கேட்டபோது உன் உம்மா என்ன சொன்னா? "எங்கட புள்ள வேனுக்குள்ளதான் இருந்த. அங்கால போனது மத்தவள்." உனக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வாய் திறப்பாய் என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமையே வாப்பா என் கல்லூரிப் படிப்பை நிறுத்தினார்.

நம் ஊரில் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். நீ மட்டும் மாப்பிள்ளையோடு கொழும்புக்குப் போனாய். கதை உன் பின்னால் வரவில்லை, என்னோடு தங்கிவிட்டது. மாமாவும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். என் இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை.

போன மாதம் தேத்தண்ணிக் கடையில் யாரோ, வேற்றூரிலிருந்து வந்த என் வீட்டுக்காரரிடம் அந்த இரவைச் சொல்லியிருக்கிறார்கள், நானும் ஒரு ஆணும் மட்டும் இருந்ததாக. பெட்டியை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஆளனுப்பினேன். நேற்று வந்து வாசலில் நின்றார். மூன்று வருசமாக நான் மூடி வைத்திருந்த உன் பெயரை அப்போதுதான் வெளியில் எடுத்தேன்.

"மச்சியும் என்னோட இருந்தா."

"அப்ப அவ எழுதட்டும். அவட கையால வந்தா நம்புறன். இல்லாட்டி இந்த மாசக் கடைசியில பள்ளி மரைக்கார்மாரிட்டத் தலாக்குக்குப் போவன்."

மகனைத் தொட்டுப் பார்க்காமலே போனார்.

அந்தப் பாறையில் நீ கைகொட்டியதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது, மச்சி. அதுதான் இன்னும் கூடக் கசக்கிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். நீயும் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். "நானும் அங்கே இருந்தேன், இருவரும் அந்தத் தாயின் பக்கத்தில் படுத்தோம்" என்று இரண்டு வரி எழுதி, உன் கையெழுத்தைப் போடு.

மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. கெதியாய்ப் பதில் போடு.