மொட்டையடித்த செல்கள்

இன்று காலை கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு குடும்பமே மொட்டை. கோயிலில் முடி இறக்கிவிட்டுக் கீழ்பென்னாத்தூர் திரும்புகிறார்கள். உன் ஊர்க்காரர்கள். ஈரச் சந்தன வாசம் அடித்ததுமே நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது சென்னை ஆய்வகத்தில் இந்த மாவட்டத்திலிருந்து நாம் இருவர் மட்டும்தான். புற்றுச்செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறதா என்று தேடுவது என் வேலை. செல்லுக்கு அதுதான் கை. பக்கத்துத் திசுவைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும். ‘வளர்’ என்ற செய்தியைச் செல்லுக்குள் அனுப்புவதும் அதுதான். இரண்டு மாதம் தேடிவிட்டு, இல்லை என்று எழுதி நெறியாளர் முன் வாசித்தேன். நீ எழுந்தாய்.

“தட்டுல ஒட்டியிருந்த செல்லை எப்படி எடுத்தே?”

“ட்ரிப்சின் ஊத்தித்தான்.”

“அது செல்லு மேல இருக்கிற புரோட்டீனையே வெட்டிடுமேடா! மொட்டை அடிச்சுட்டு, தலையில முடியே இல்லைனு எழுதியிருக்கே.”

அறையே சிரித்தது. நெறியாளரும். பிறகு நான் வளர்த்த செல்களையே ட்ரிப்சின் இல்லாமல் எடுத்துப் பார்த்தாய், புரதம் இருந்தது. கட்டுரை வந்தது. அதில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, “அடுத்ததுல போட்டுக்கலாம்டா” என்றாய். அடுத்தது வரவேயில்லை. பதினேழு வருடம் உன்னோடு பேசவில்லை.

போன வருடம் நீயே போன் செய்தாய்.

“நுரையீரல்ல கட்டி. எலும்புக்கும் போயிடுச்சு. அதே புரோட்டீன்தான்டா, ஜாஸ்தியா இருக்காம். நீ தேடினது எங்கிட்டதான் இருக்கு, வந்து பாரேன்.”

சிரித்தாய், இருமினாய். பரீட்சை வேலை, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அப்போது கல்லூரிக்கு விடுமுறை. நீயும் வாத்தியார்தானே, உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு மாதத்தில் செய்தி வந்தது.

இன்று வகுப்பில் அதே பாடம். வருடாவருடம் சொல்வதுபோல் மொட்டைக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசை மாணவி கேட்டாள், “செம சார். நீங்களே யோசிச்சதா?”

இதுவரை யாரும் கேட்டதில்லை. உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

“ஆமாம்மா” என்றேன்.

இவ்வளவு சுலபமா ஒரு பெயரை விட்டுவிடுவது? அன்றைக்கு உனக்கும் இப்படித்தான் இருந்ததா?