இடது கை மாமாவிடம்

ஜூன் 3, செவ்வாய்
ராஜகீழ்ப்பாக்கம் வீட்டை விட்டு நான் வெளியே போயே நாலு மாதம். மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததோடு என் தாம்பரம் ஓவிய வகுப்பும் படுத்துவிட்டது. வகுப்பு எடுக்கும் ஜான்சி மேடம் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார்: மாத முடிவுக்குள் ஒரு ஸ்கெட்ச் புத்தகம், இருபது பக்கம், முழுக்க மனித உருவங்கள். கொடுத்தால்தான் கண்காட்சியில் இடம். என்னிடம் ஆறு பக்கம் இருக்கிறது. ஆறும் மரக்கட்டை.

ஜூன் 5, வியாழன்
கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், மாமா என் இடது கையைப் பிடித்துக்கொள்கிறார். உருவினால் தெருவுக்கே கேட்கக் கத்துகிறார். “அப்பாவுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா ஜீவி?” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் மறைமலை நகர் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார். ஏன், நீங்க இல்லையா சுகுமார்?

ஜூன் 9, திங்கள்
இடது கை மாமாவிடம். புத்தகம் மடியில். பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் அது வழுக்கிக்கொண்டே போகிறது; கரிக்கோடு எங்கேயோ ஓடுகிறது. ஆறிய டிகாஷனை விரலால் தாளில் தடவினேன். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளைப் பல்லால் கிழித்து ஒட்டினேன். கோணிய வாய், எச்சில், அந்தப் பிடி — அசிங்கமாக, உயிரோடு.

போட்டோ எடுத்து அனுப்பினேன். மேடம் உடனே பதில் போட்டார்: “இந்தக் கோடு எப்படி வந்துச்சு ஜீவிதா? இதையே பண்ணு. சுத்தம் பண்ணாத.”

ஜூன் 12, வியாழன்
பதினோரு பக்கம்.

ஜூன் 16, திங்கள்
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாலு மாசமா ஒத்தக் கையோட இருக்கேன். செத்துத் தொலையட்டும்னு நினைச்சேன். யாரு? அவரா, நானா? தெரியல. பதினாறாம் பக்கம் முழுக்க, படுக்கைப் புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்தாலேயே வரைந்தேன்.

ஜூன் 19, வியாழன்
சுகுமார் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். பதினாறாம் பக்கத்திலேயே நின்றார்.

“இது அப்பா. நசுங்கி வெளுத்துப் போயிருக்கே, இந்தக் கை... உன்னோடதா?”

தலையாட்டினேன். அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி
மாமாவைப் பார்த்துக்கொள்ள சுகுமார் ஆள் அழைத்து வந்துவிட்டார். பெயர் கங்கம்மா. “இன்னா பிடி பிடிக்கிறாரு பெர்சு! நீ போம்மா, நான் கீறேன்.” மாமா கங்கம்மாவின் கையைப் பற்றிக்கொண்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. எதற்கு?

ஜூன் 21, சனி
வகுப்புக்குப் போனேன். மேசை, நல்ல வெளிச்சம், அசையாமல் உட்கார ஒரு ஆள். இரண்டு கையும் என்னுடையவை. “பழையபடி ரொம்ப கவனமா போடுற” என்றார் மேடம். மறுபடியும் மரக்கட்டை. அங்கேயே கிழித்துப் போட்டேன்.

ஜூன் 23, திங்கள்
இன்னும் நாலு பக்கம்.

“அக்கா, நீங்க போய் டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க” என்று கங்கம்மாவை அனுப்பினேன். கட்டிலோரம் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாமா கேட்காமலே இடது கையை நீட்டினேன்.