சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஆறு அலமாரிகள்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா சொல்வது. இங்கே என் வலது கையைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உன் உடம்பு நன்றாக இருக்கட்டும், உன் வாயும் கொஞ்சம் திறக்கட்டும். (அண்ணா, பேனா பிடித்திருப்பது உன் வாலுத் தங்கை. அம்மா கையில் கட்டு, அதனால் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உன்னைத் திட்டும் இடங்களில் மட்டும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பார்த்துக்கொள்.)

பயந்துவிடாதே, இஸ்திரி இயந்திரத்தில் பட்ட சூடுதான், இரண்டு வாரத்தில் ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறாமல் இருப்பது வயிற்றெரிச்சல். இருபது வருஷமாக அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு நாள்கூடக் கையைச் சுட்டுக்கொள்ளாதவள் நான். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு, நைந்துபோன படுக்கை விரிப்பின் மூலையில் சிவப்பு அடையாளம் வைப்போம், இனி இதைத் துவைக்காதே, கந்தலாகக் கிழித்துவிடு என்று அர்த்தம். அது தெரியாத ஒரே ஆள் நாலு மாதம் முன்பு வந்த புது மேனேஜர். இரண்டு மாதமாக யார் யாரோ வந்து சுவரை அளக்கிறார்கள், இயந்திரத்தை எண்ணுகிறார்கள், புதுக் கட்டடத்துக்குப் போகிறோம் என்று மட்டும் காதில் விழுந்தது. எத்தனை பேர் போவோம், எத்தனை பேர் வீட்டுக்குப் போவோம் என்று நான் இரண்டு தடவை அவரிடமே கேட்டேன். “நேரம் வரும்போது சொல்றேம்மா, இப்ப வேலையப் பாருங்க” என்றார். அவர் சொல்லாததை நாங்களே சொல்லிக்கொண்டோம். சோப்புக் கரைப்பவள் பாதிப் பேருக்கு வேலை போகும் என்றாள், வண்டி ஓட்டுபவர் மொத்தப் பேருக்கும் என்றார்.

ஆறு நாள் முன்பு ஒரு காலையில் போய்ப் பார்த்தால், துணி மாற்றும் அறையில் ஆறு பேர் அலமாரிக் கதவில் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர். அதில் என்னுடையது ஒன்று, என் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் இஸ்திரி அக்காவுடையது ஒன்று. அக்கா அதைத் திறந்து சீப்பையும் செருப்பையும் எடுத்துப் பையில் போட்டாள். “கந்தலாக்கித் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நானே போயிடறேன்டி” என்று சொல்லி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டார். அவள் வாசல் தாண்டிப் போவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கை இயந்திரத்துக்குள் போனது தெரியவில்லை.

மூன்று நாள் கழித்துக் கூட்டம் போட்டுச் சிரித்தபடி சொல்கிறார், அந்த ஆறு பேரும்தான் நல்ல வேலைக்காரர்களாம், புது இயந்திரத்தைப் பழக முதலில் அனுப்ப எடுத்து வைத்தவர்களாம், சிவப்பு பளிச்சென்று தெரியும் என்று ஒட்டினாராம். பட்டியலில் முதல் பெயர் அக்காவுடையது. அப்படியானால் அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கட்டுப்போட்ட கையோடு எழுந்து கேட்டேன். “லெட்டர் மேலிடத்துக்குப் போயிடுச்சு, பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். மறுபடியும் அதே “சொல்றேன்”! (இந்த இடத்தில் அம்மா மேனேஜரை ஊறவைத்து, வெளுத்து, பிழிந்து, காயப்போட்டாள். அப்படியே எழுதினால் தபால்காரருக்குக் கை சுடும். நானும் சும்மா ஒரு சோதனைக்கு அப்பாவின் நாற்காலியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன் அண்ணா. அப்பா எதுவும் கேட்காமல் இரண்டு நாள் தரையில் உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கிழித்துவிட்டேன்.)

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன வாரம் போனில் என்ன சொன்னாய், உன் ஆபீசில் இரண்டு பிரிவை ஒன்றாக்கப் போகிறார்கள், உன் கீழே நாற்பது பேர், ஒருத்தருக்கும் இன்னும் தெரியாது, “எல்லாம் முடிவானதும் சொல்லிக்கலாம்மா, இப்பச் சொன்னா கலாட்டாதான்” என்று பெருமையாகச் சொன்னாய். என் பிள்ளை கெட்டிக்காரன் என்று அன்றைக்கு நானும் நினைத்தேன், இன்றைக்கு நினைத்தால் சோறு இறங்கவில்லை. தெரியாது என்றா நினைக்கிறாய்? நீ கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை நாற்பது பேரும் பார்க்கிறார்கள். நீ சொல்லாத இடத்தில் அவர்களாக ஒன்றை வைத்து நிரப்புவார்கள், நல்ல செய்தியை வைத்து யாரும் நிரப்ப மாட்டார்கள். முடிவானதைச் சொல், முடிவாகாததை இன்னும் ஆகவில்லை என்று சொல், அடுத்து எந்த நாள் சொல்வாய் என்று சொல், அந்த நாளில் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் நின்று இல்லை என்று சொல். எதன் மேலும் அடையாளம் வைப்பதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர் ஒருவரிடம் கேள். “அவன் பெரிய பதவியில் இருக்கிறான், அவனுக்குத் தெரியாதா” என்கிறார் உன் அப்பா. பதவியில் இருப்பவர்களுக்குத்தானே தெரிவதில்லை?

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டால் வருவாளாம், ஆனால் அந்த மனுஷன் வாயைத் திறந்து கூப்பிட வேண்டுமாம். திங்கட்கிழமை மீதி ஐந்து பேரும் அவர் அறைக்குப் போகிறோம், அக்கா வராமல் புது இயந்திரம் பழகப் போவதில்லை என்று சொல்லப்போகிறோம். அப்படி உன் கதவை யாரும் வந்து தட்டும்படி வைத்துக்கொள்ளாதே ராஜா.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன்னை நம்பி இருப்பவர்களின் வாழ்த்து உனக்கு என்றும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

(அண்ணா, முடித்து உறையில் போடும்போது அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே கோணல்மாணலாக இருப்பது அவள் இடது கையால் எழுதியது, நான் ஒரு எழுத்தும் தொடவில்லை.)

நாளைக்கே சொல்லிடு.