மருமகனுக்குத் தலை, மகளுக்கு ஈரல்

பெப்ரவரி 9, 2025 – ஞாயிறு, குண்டசாலை

காலையிலேயே திருகோணமலையிலிருந்து மனைவியின் அண்ணன் அரூஸ் மச்சான் வந்து இறங்கினார். கையில் மீன் அடைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி. மூடியைத் திறந்தால், பெட்டிக்குள் அடங்காமல் வளைந்து கிடந்தது ஒரு சீலா மீன். அவ்வளவு பெரிய சீலாவைக் கண்டிச் சந்தையில் நான் கண்டதில்லை. செத்த பிறகும் கோபம் தீராத முகம்.

பிரசவத்துக்காக என் மனைவி நுஹாவைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து நானும் இங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிண்டல். கிண்டல் செய்கிறவர்கள் என் மாமியின் கையால் ஒரு நாள் சாப்பிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இன்றும் இந்த வீட்டு வழக்கம் மாறவில்லை. மீன் தலை மருமகனுக்கு. ஈரல் மிளகு போட்டுப் பொரித்து, பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கு. “தின்னுங்க மகன், தலையிலதான் ருசி ஈக்கி” என்றார் மாமி. அவரும் அரூஸ் மச்சானும் ஆளுக்கொரு நடுத்துண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். குடலும் செவுளும் பூனைக்குப் போயின. நான் கண்ணைக்கூட விட்டு வைக்கவில்லை.

பெப்ரவரி 10

எனக்கும் நுஹாவுக்கும் விடிய விடிய வாந்தி, வயிற்றோட்டம். மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. அரூஸ் மச்சான் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து திருகோணமலைக்குத் திரும்பிவிட்டார். “மீனா ஈக்காது. எல்லாரும் ஒரே மீனத்தானே தின்னோம்” என்கிறார் மாமி. நியாயம்தான். மீதி மீன் ஃபிரீசரில் பத்திரமாக இருக்கிறது.

பெப்ரவரி 11

வயிறு அடங்கிவிட்டது. ஆனால் வேறு ஏதோ தொடங்கியிருக்கிறது.

சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுக்கப் பைப்பைத் திறந்தேன். கை சுட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். கொதிநீரா? இந்த வீட்டில் ஹீட்டரே கிடையாது. தை மாதத்துக் குளிர், கண்ணாடியெல்லாம் பனி. மறுபடியும் விரலை நீட்டினேன். தணல். பைப்பின் இரும்பும் தணல். கையைப் பார்த்தால் சிவக்கவில்லை, கொப்புளம் இல்லை.

கேத்தலில் வெந்நீர் வைத்து, ஆற்றி, அதில் வுளூ எடுத்தேன். அது ஒன்றும் செய்யவில்லை.

நுஹாவிடம் சொல்லவில்லை. அவளே வந்து சொன்னாள். “பல்லெல்லாம் ஆடுற மாதிரி ஈக்கி. தொட்டுப் பார்த்தா ஆடல்ல. முகம் கழுவினா எரியுது. உங்களுக்குமா?”

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பெப்ரவரி 12

வயிற்றில் பிள்ளை ஓயாமல் அசைகிறது. நுஹா என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். ஏழு மாதத்துப் பிள்ளை உதைக்கத்தான் செய்யும், தெரியும். இது உதை இல்லை. சோற்றுப் பானை மூடி கொதியில் தட்டுவதுபோல விடாமல். “இவருக்கு என்னமோ பிடிக்கல்ல” என்றாள், சிரிக்கப் பார்த்து.

பூனை தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே படுத்திருக்கிறது. பின்னங்கால்கள் இழுபடுகின்றன. பால் வைத்தேன். ஒருமுறை நக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பெப்ரவரி 13 – பேராதனை

பூனையை நினைத்துக்கொண்டே ஆய்வுகூடத்துக்குப் போனேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் போத்தல் கையைச் சுட்டது, விட்டுவிட்டேன். நல்லவேளை, உடையவில்லை. அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது.

இரண்டு வருடமாக நான் படிப்பதே கடல் டைனோஃபிளாஜெல்லேட்டுகளை – நஞ்சு கக்கும் ஒற்றை உயிரணுக்களை. இதுவரை பார்த்ததெல்லாம் மிதக்கும் சாதி, கடலைச் சிவப்பாக்குகிறவை. போன மாதம்தான் முதல் தடவையாக, செத்த பவளப்பாறையில் முளைக்கும் பாசியைத் திருகோணமலையில் சுரண்டிக்கொண்டு வந்தேன். அதில் கிடைத்தது கம்பியர்டிஸ்கஸ். நுண்நோக்கியில் பொன்னிறப் பருப்புப்போல இருக்கும். மிதப்பதில் அதற்கு ஆசை இல்லை. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு ஒரு பசை நூலை விட்டுப் பாசியில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

பாசியை மேயும் சிறுமீன் அதையும் சேர்த்து மேயும். சிறுமீனைப் பெரிய மீன் தின்னும், பெரிய மீனைச் சீலா தின்னும். ஒவ்வொரு வாய்க்கும் நஞ்சு கூடிக்கொண்டே போகும். மீனுக்குக் கேடில்லை. மணம் வராது, ருசி மாறாது, கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் அழியாது. கூடுதலாகச் சேர்வது தலையில், சினையில், எல்லாவற்றையும்விட ஈரலில்.

என் ஆய்வேட்டின் முன்னுரையில் நானே எழுதியிருக்கிறேன்: ‘நோயாளிக்குக் குளிர்ந்த பொருள் சுடுவதுபோல் தோன்றும்.’ யாரோ தூரத்துத் தீவுக்காரர்களைப் பற்றி எழுதுகிறோம் என்ற நினைப்பில் எழுதியது. அந்த வரி என் கையில் ஏறி உட்கார்ந்து மூன்று நாளாகிறது, எனக்குத் தெரியவில்லை.

சஞ்சீவனி மேடத்திடம் சொன்னேன். என் மேற்பார்வையாளர், லேசில் பதறாதவர். “தலைய நீங்க சாப்பிட்டீங்க. ஈரல யாரு சாப்பிட்டாங்க?” என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மருந்து இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாமி யாரை அதிகம் நேசித்தாரோ அவர்களுக்கு அதிகம் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

பெப்ரவரி 14

நுஹாவைத் தனியார் கிளினிக்கில் காட்டினேன். மீன் நஞ்சு என்றேன். “கண்டியிலயா?” என்று டாக்டர் சிரித்தார். முதல் பிள்ளை, பயம் என்று விட்டமின் குளிசை எழுதித் தந்தார். ஸ்கேனில் இதயம் துடித்தது. அதை மட்டும் நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வரும் வழியில் த்ரீவீலரில் உண்மையைச் சொன்னேன். எனக்கும் சுடுகிறது என்று. அவள் கோபிக்கவில்லை. “அப்ப பிள்ளைக்கும் சுடுமா?” என்று மட்டும் கேட்டாள்.

பெப்ரவரி 15

பூனை செத்துவிட்டது. முருங்கைக்குக் கீழே புதைத்தேன்.

பெப்ரவரி 16

காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை.

பின்னேரம் – அசைந்தது. ஒரே ஒரு தடவை. ஆஸ்பத்திரியில் துடிப்பு சரி என்கிறார்கள். நுஹா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். மின்விசிறி போட விடவில்லை. காற்று எரிகிறதாம்.

யா அல்லாஹ், என்னை எடுத்துக்கொள், அதை விட்டுவிடு. விஞ்ஞானம் படித்தவன் எழுதுகிற வரியா இது? ஆம்.

பெப்ரவரி 18

மாமி கண்டுபிடித்துவிட்டார். மீன் இல்லை, ஜின் பிடித்திருக்கிறதாம்.

“எல்லாரும் ஒரே மீனத்தானே தின்னோம்! எனக்கு ஒன்டும் இல்லயே! வுளூத் தண்ணி மனிசனச் சுடுமா மகன்? நீங்க கடல மலைக்கு ஏத்திக் கொண்டு வந்து போத்தல்ல அடச்சி வெச்சிருக்கீங்க. அதுக்குள்ள ஈக்கிறது சும்மா ஈக்குமா?”

கத்திவிட்டேன். முதல் தடவையாக மாமியிடம் குரலை உயர்த்தினேன். அவர் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குசினிக்குள் போனார்.

ஆனால் இன்று ஆய்வுகூடத்துப் போத்தல்களுக்கு முன்னால் நின்றபோது அந்தக் கேள்வி விடவில்லை. விளக்கு எரிந்தால் இவற்றுக்குப் பகல், அணைந்தால் இரவு. கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் தங்கள் பாட்டில் பெருகுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்குள் புகும், புகுந்தால் நெருப்பும் நீரும் இடம் மாறிவிடும். மாமி சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் பெயரில் மட்டுமா?

பெப்ரவரி 20

மாமி பள்ளிவாசல் ஹஸரத்தைக் கூப்பிட்டுவிட்டார். மெல்லிய மனிதர், எப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பவர். கிளாஸில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஓதி, ஊதி, நுஹாவிடம் நீட்டினார். கிணற்றுத் தண்ணீர். அவள் ஒரு மிடறு குடித்தாள். அலறிக்கொண்டு கிளாஸைத் தட்டிவிட்டாள்.

ஓதின தண்ணீர் சுட்டுவிட்டது! மாமி தலையில் அடித்துக்கொண்டு கதறினார். ஹஸரத்தின் முகம் வெளுத்தது. அவர் செருப்பைத் தேடத் தொடங்கியபோது நான் வாசலை மறித்து நின்றேன்.

“ஹஸரத், இன்னொரு தடவ ஓதுங்க. இந்தத் தடவ வெதுவெதுப்பான தண்ணியில.”

கேத்தல் தண்ணீரை ஆற்றிக் கொடுத்தேன். அவர் மறுபடியும் ஓதினார். நுஹா குடித்தாள். முழுக் கிளாஸும். ஒன்றுமில்லை. பிறகு ஓதாத பச்சைத் தண்ணீரில் அவளைச் சுண்டுவிரலை வைக்கச் சொன்னேன். பாவி நான், ஆனால் வேறு வழி? சுட்டது. நானும் வைத்தேன். எனக்கும் சுட்டது.

ஹஸரத் கொஞ்ச நேரம் கிளாஸைப் பார்த்தார். “ஓதினாலும் சுடுது, ஓதாட்டியும் சுடுது. சூடாக்கினா சுடல்ல. இது என்ட வேல இல்ல ராத்தா. மருமகன் சொல்றதக் கேளுங்க” என்றார் மாமியிடம். தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

மாமி சிந்திய தண்ணீரைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். “அப்ப ஈரல்லயா மகன் இருந்திச்சி?”

தலையாட்டினேன்.

பெப்ரவரி 21

ஃபிரீசரில் மிச்சத் துண்டுகளோடு சீலாவின் சினையும் இருந்தது. முதல் நோன்பு திறக்கிற அன்று நுஹாவுக்குப் பொரித்துக் கொடுக்க மாமி ஒதுக்கி வைத்திருந்தாராம். பிள்ளைக்குச் சத்து என்று.

எல்லாவற்றையும் நான் புதைத்தேன், பூனைக்குப் பக்கத்தில். மாமி மேலே கல்லை உருட்டி வைத்தார்.

மார்ச் 2 – முதல் நோன்பு

நானும் நுஹாவும் நோன்பு பிடிக்கவில்லை. ஆனாலும் நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாமியோடு உட்கார்ந்தோம். மேசையில் சர்பத் இல்லை, ஐஸ் இல்லை. அவர் தனக்கும் வெந்நீர்தான் வைத்திருந்தார். “உங்களுக்குச் சுடுறது எனக்கெதுக்கு” என்றார்.

மார்ச் 19

பிள்ளை இப்போது ஒழுங்காக அசைகிறது. டாக்டருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. துடிப்பைக் காட்டும் கருவி இருக்கிறது. எரிச்சலைக் காட்டும் கருவி எங்கே இருக்கிறது?

ஏப்ரல் 29

பெண். கையும் காலும் முகமும் சரி. நன்றாக அழுகிறாள்.

நன்றாகத்தான் அழுகிறாள் – எதற்கு என்றுதான் தெரியவில்லை.

மே 3

வுளூ. தண்ணீர் குளிர்ந்தது. கையைக் கழுவிக்கொண்டே நின்றேன், தாங்கி தீர்ந்துவிடும் என்று மாமி சத்தம் போடும் வரை.

நுஹாவுக்கு இன்னும் சுடுகிறது. அவள் தின்றது ஈரல் அல்லவா.

மே 17

பால் கொடுக்கலாமா என்று அவள் கேட்காத நாளில்லை. பாலிலும் இறங்கும் என்று நான் படித்ததை அவளிடம் சொல்லியிருக்கக்கூடாது. “இவ்வளவு நாள் போனதுக்குப் பிறகு இறங்காதுன்னுதான் நினைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது, ஃபாஸில்” என்கிறார் சஞ்சீவனி மேடம். டாக்டர் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கிறாள், ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டு.

மாமி பிள்ளையை வெந்நீரில் தவிர எதிலும் நனைப்பதில்லை. ஈரத்துணிகூட வெதுவெதுப்பாகத்தான். ஏன் என்று யாரும் பேசுவதில்லை. சோதித்துப் பார்க்கலாம், ஒரு சொட்டுப் போதும். யாருக்கும் துணிவில்லை. கைப்பிள்ளை அழுதால் குளிருக்கு அழுகிறதா சூட்டுக்கு அழுகிறதா என்று யாரிடம் கேட்பது? தெரியாமல் இருப்பதே நல்லது என்று மூன்று பேரும் சேர்ந்து ஒளிந்துகொண்டிருக்கிறோம்.

ஜூன் 8 – ஞாயிறு

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். இன்று பிள்ளைக்கு நாற்பதாம் நாள். அரூஸ் மச்சான் வந்திருக்கிறார், பெட்டியில்லாமல், குற்றவாளி முகத்தோடு. மாமி சந்தையில் கும்பளா வாங்கியிருந்தார். சின்ன மீன், பாசி மேயும் மீனைத் தின்று வளர்ந்ததில்லை என்று நான் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் வாங்கினார். அப்படியும் தலைகளை நறுக்கி எறிந்துவிட்டார். என் பீங்கான் தட்டில் வால் துண்டு விழுந்தது. “இனி இந்த ஊட்டுல மருமகனுக்கு வால்தான்.” அரூஸ் மச்சான் சிரித்துவிட்டார். மாமி சிரிக்கவில்லை. நுஹாவுக்குப் பருப்பும் முருங்கைக்கீரையும்.

சாப்பிட்டு முடித்து, நல்ல வெயிலில், நுஹா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். நான் பார்க்கும்போது பேசினில் பைப் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. கேத்தல் பக்கத்தில் இல்லை.

“என்ன செய்யப் போற?”

“எவ்வளவு நாளைக்குத் தெரியாம ஈக்கிற?”

தன் கையை முதலில் விட்டாள், முழங்கை வரை. பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வாசலில் நின்ற மாமி வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கையை வெளியே எடுக்காமலே, மற்றக் கையால் பிள்ளையின் கால்களை மெதுவாக இறக்கினாள். பிறகு இடுப்பு.

பிள்ளை மூச்சை இழுத்தாள். கண்ணை அகல விரித்தாள். வாய் கோணியது.

யாரும் அசையவில்லை.

பிறகு காலால் தண்ணீரை ஒரு அடி அடித்தாள். தெறித்தது. தெறித்தது பிடித்துவிட்டதுபோல, இன்னொரு அடி.

நுஹாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கையை எடு, எடு என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் எடுக்கவில்லை.

“எனக்குச் சுடுது” என்றாள் பிள்ளையிடம், சிரித்துக்கொண்டு. “உனக்குச் சுடல்ல. உனக்குச் சுடல்லடி.”