மூக்கில்லாத படகு

2-12-79, ஞாயிறு
மழை விட்டது. தறிக்குழியில் ஊறிய தண்ணீரைச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றி இடுப்பு விட்டுப்போயிற்று. “ஏரியே ஊட்டுக்கு வந்துடுச்சு, நீங்க எதுக்கு அங்க போறீங்க?” என்று இவரைக் கேட்டேன். முறைத்தார்.

இவருக்குக் கண் மங்கிவிட்டது. தறியில் அறுந்த பட்டு இழை கைக்கு அகப்படுவதில்லை. அதனால்தான் மீன் பிடிக்கிற அய்யாக்கண்ணுவோடு ஏரி மீன் குத்தகையில் பங்கு சேர்ந்தார். மற்ற வருஷம் இடுப்புத் தண்ணீரில் நடந்தே வலை வீசுவார்கள். இப்போது ஏரி ரொம்பி வழிகிறது, மீனெல்லாம் நடுவில். படகு வேண்டும். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் வலை வீச.

இவருக்கோ தண்ணீர் என்றாலே பயம். சின்ன வயசில் ஆற்று வெள்ளத்தில் சித்தப்பா போனதைக் கண்ணால் பார்த்தவர். அதை அய்யாக்கண்ணுவிடம் சொல்லவில்லை. ஊரையே கிண்டல் பண்ணுகிற நானும் சொல்லவில்லை.

5-12-79
படகில் எத்தனை தினுசு இருக்கும்? யாரைக் கேட்பது?

9-12-79, ஞாயிறு
சாத்தனூர்ப் பக்கமிருந்து அய்யாக்கண்ணு ஒரு பரிசலைக் கொண்டுவந்தார், ஓட்டிப் பார்த்து வாங்கலாம் என்று. மூங்கில் கூடைதான், பெரிசு. “கோழி அடை வெக்கறதுக்கா?” என்றேன்.

“அண்ணி, சும்மாவே இருக்க மாட்டீங்களா?”

இவர் ஏறிக் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தார். பத்தடி போகவில்லை. பரிசல் இப்படிச் சாய்ந்தது, அப்படிச் சாய்ந்தது, ராட்டினம் மாதிரி சுற்றியது — தொபுக்கடீர்! இடுப்பளவு தண்ணீர்தான். கரையில் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம். வேட்டியைப் பிழிந்துவிடப் போனபோது பார்த்தேன், இவர் கரைப் புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார், விடவே இல்லை.

அய்யாக்கண்ணு சொல்லிவிட்டார்: “தை பொறக்கறதுக்குள்ள முடிவு சொல்லுண்ணா. இல்லன்னா வேற ஆள சேத்துக்கறேன். பேஜார் பண்ணாத.”

10-12-79
இவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். நான் ஏன் அப்படிச் சிரித்தேன்?

13-12-79, வியாழன்
சாயங்காலம் இவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கீழே பார்க்கிறேன் — வலது கால், இடது கால், வலது கால். மிதிக்கிறார்! தறியே இல்லை, மிதிக்கிறார்!

“இன்னாங்க, எந்தப் பொடவ நெய்யறீங்க?”

“நானா? சும்மாதான உக்காந்துகினு கீறேன்.”

முப்பது வருஷம் மிதித்த கால். உட்கார்ந்தால் தானாகப் போகிறது, அவருக்கே தெரியவில்லை. அப்போ பரிசல்? தண்ணீரா கவிழ்த்தது? கால்தான்! சொன்னேன். “போடி, உனுக்கு எல்லாமே வெளையாட்டு” என்று எழுந்து போய்விட்டார்.

எந்தப் படகு இந்தக் காலைத் தாங்கும்?

16-12-79, ஞாயிறு
போளூர் ரோட்டில் மரவேலை செய்கிற சக்கரவர்த்தி முன்னே மெட்ராஸில் படகு கட்டினவராம். போனேன். “உக்காந்தா மிதிக்கிற ஆளுக்கு எந்தப் படகு சரிப்படும்?” என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார்.

மூலையில் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார். எட்டடி. அடி தட்டை. முன்பக்கம் கூர் இல்லை, அரிவாளால் சீவினாற்போல் சப்பையாக நிற்கிறது.

“மூக்கு எங்க? எலி கடிச்சிட்சா?”

“கடல்லதாம்மா அலையக் கிழிக்க மூக்கு வேணும். ஏரில இன்னாத்த கிழிக்கப் போற? இது முன்னாடியும் அகலம். ஆளு அங்க நின்னு வலை வீசலாம், சாயாது. ரெண்டு பேரு தூக்கி வண்டில போட்டு ஆத்துக்கும் எடுத்துக்கினு போவலாம்.”

“ஜல்தியா போவுமா?”

“போவாது.”

இந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

23-12-79, ஞாயிறு
சக்கரவர்த்தியின் படகை வண்டியில் கொண்டுவந்து ஏரியில் இறக்கினோம். இவர் கரையை விட்டு நகரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஏறினேன். எனக்கு மட்டும் நீச்சல் தெரியுமா என்ன? பலகையில் உட்கார்ந்து வேண்டுமென்றே மிதித்தேன், தறியில் மிதிக்கிறாற்போலவே. அய்யாக்கண்ணு “ஐயோ அண்ணி!” என்று கத்தினார். படகு லேசாக அசைந்தது, அவ்வளவுதான். முன்பக்கம் போய் நின்றும் பார்த்தேன். பயத்தை முகத்தில் காட்டவில்லை.

“எறங்கு. நான் பாக்கறேன்” என்றார் இவர்.

“ரெண்டு மொழம் நெய்ஞ்சிட்டு வாங்க.”

சிரித்துவிட்டார். கரை ஓரமாகவே ஒரு சுற்று. பலகையைப் பிடித்த பிடியை விடவில்லை. ஆனாலும் போனார்.

20-1-80, ஞாயிறு
சோறு எடுத்துக்கொண்டு போனேன். கரையில் அய்யாக்கண்ணு மட்டும் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். “அவரு எங்க?” பகீரென்றது.

“அதோ. எறங்க மாட்டேங்கறாரு அண்ணி. துடுப்பயும் வலையயும் புடுங்கிகினாரு.”

நடு ஏரியில், தனியாக. கை தட்டிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, இரு என்று கையைக் காட்டினார். மறுபடி வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழம்பு ஆறிவிட்டது. நானும் உட்கார்ந்துகொண்டேன்.