பச்சைத் தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, பழக்கதோஷம். போனிலேயே பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் எப்போதும் உன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. நான் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். அவருக்குப் போனது பேச்சுதான், காது இல்லை. எதிர்வீட்டு டெய்லரம்மா தபால் ஆபீஸ் பக்கம் போகிறவள். அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீ வந்து பார்த்தபோது அவர் வாயே திறக்கவில்லை. இப்போது ஒரு வார்த்தை வந்திருக்கிறது. என்ன வார்த்தை என்று நீ போனில் கேட்டபோது மழுப்பிவிட்டேன். 'சனியனே' என்பதுதான் அது.

நீ வளர்ந்த வீடு, உனக்குத் தெரியாததா? உப்பு குறைந்தால் அதுதான், காற்றில் கதவு அடித்துக்கொண்டாலும் அதுதான், எல்லாம் எனக்குத்தான். பக்கவாதம் வந்து மூளையில் ஒரு பக்கமே செத்துப்போன பிறகும் அந்த ஒரு சொல் மட்டும் துளி சேதாரம் இல்லாமல் பிழைத்துக் கிடக்கிறது.

நீ ஏற்பாடு செய்த ஸ்பீச் தெரபிப் பெண் தங்கமானவள். படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்கிறாள். டம்ளர் படத்துக்கும் சனியனே, சீப்புப் படத்துக்கும் சனியனே. உன் அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்தவர் என்று சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். காலமெல்லாம் சொன்ன வாக்கியம் தானாக வாயில் வந்துவிடுமாம். அவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, 'பயணிகளின் கனிவான...' என்று எடுத்துக் கொடுத்துவிட்டு ஆவலாகப் பார்த்தாள். அவரும் வாயைக் கோணி, கண்ணை இறுக்கி, பாடாய்ப் பட்டு, 'சனியனே' என்றார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அந்தக் குரலை ஊரே மெச்சும். கனிவையெல்லாம் மைக்கிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷன் என்று யாருக்குத் தெரியும்?

என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணே சொன்னாள். 'அது திட்டு இல்லம்மா. பேச்சு இருக்கிற பக்கம் அடிபட்டுப் போச்சு. கோபத்துல வர்ற வார்த்தை வேற பக்கம் இருக்கும், அதான் தப்பிச்சிருச்சு. அவர் மனசுல ஒண்ணு நினைக்கிறார், வாயில இது வருது. வெறும் சத்தம்னு வச்சுக்கங்க.'

வெறும் சத்தம் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டதும் என்னென்னவோ கேட்க ஆரம்பித்தது. தாகம் என்றால் சட்டென்று வெட்டினாற்போல் வரும். வலி என்றால் இழுத்துக்கொண்டு வரும். ஒரு நாள் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ரொம்ப மெல்ல அதைச் சொன்னார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதில்லை. 'என்னங்க' என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சிரிக்காதே.

விழுங்குவதுதான் பெரும்பாடு. பச்சைத் தண்ணீர் விஷம் மாதிரி. வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடுமாம். ஒரு மாவு கொடுத்திருக்கிறார்கள், அதைக் கலந்து தண்ணீரைத் தேன் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயை நெஞ்சோடு தாழ்த்தி, அரைக் கரண்டி ஊற்றி, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, 'ஆ' சொல்லவைத்து, குரலில் ஈரச் சத்தம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கரண்டி. புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். இவருக்கு ஏறினால் ஆம்புலன்ஸைத்தான் நினைக்க வேண்டும். ஒரு வேளை ஊட்டி முடிப்பதற்குள் என் இடுப்பு கழன்றுவிடுகிறது. ஆனாலும் அலுப்பாக இல்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. குழந்தைக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா

*

அன்பு மகளுக்கு,

அப்பா பேசினார் என்று நீ ஆபீசில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்ததாக மாப்பிள்ளை சொன்னார். நல்லது. அதைக் கெடுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டுதான் இருந்தன. ராகம் போட்டு, அவருடைய இடது கையில் தட்டித் தட்டி, அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். தண்ணி, வலி, போதும். அவள் வராத நாட்களில் நான் தட்டினேன். உள்ளங்கை சிவக்கிற வரைக்கும் தட்டுவேன், அவரும் பிடிவாதமாகச் சொல்லிப் பார்ப்பார்.

அடுத்து வீட்டு மனிதர்களின் பெயர் என்றாள். உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டாள். என்ன சொல்ல? பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்றேன். 'பரவாயில்லம்மா, இப்ப கூப்பிடட்டும்' என்று என் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டி, கையில் தட்டினாள். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். களைப்பாக இருக்கும் என்றாள். உன் பெயருக்குக் களைப்பு இல்லை. வியர்த்து வழிய உன் பெயரைச் சொன்னார். உடனே உனக்குப் போன் போட்டோம். 'கண்ணு... சாப்டியா' என்று அவர் கேட்டதும் நீ ஓவென்று அழுதாய். அந்தப் பெண்ணும் அழுதாள்.

நீ போனை வைத்த பிறகு நடந்தது இது. அவர் வாயோரம் எச்சில் வழிந்திருந்தது, துடைத்துவிட்டேன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவருக்குப் பெட்பேன் எடுத்திருந்தேன். கை கழுவிவிட்டுத்தான் வந்தேன். அவர் இடது கையால் கட்டில் விளிம்பில் தட்டினார், சொல்லிக்கொடுத்த மாதிரியே. ஒரு தட்டுக்கு ஒரு வார்த்தை.

'கை... நாறுது... சனியனே.'

அந்தப் பெண் கைதட்டிவிட்டாள். 'அம்மா! சேர்த்துச் சொல்லிட்டார்! முழு வாக்கியம்மா!' என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. முகம் சுருங்கி, குனிந்துகொண்டு அட்டைகளையெல்லாம் பைக்குள் அடுக்க ஆரம்பித்தாள். 'பழக்கம்மா, மனசுல வச்சுக்காதீங்க' என்று அட்டைகளிடம் சொன்னாள்.

வேறு வார்த்தை இல்லாத நாளில் அது சத்தம். இப்போது அவரிடம் வார்த்தைகள் இருக்கின்றன. தேடினார், எடுத்தார், வரிசையாக வைத்தார், கடைசியில் எனக்கென்று இருந்ததை எனக்குக் கொடுத்தார். அப்படியானால் அன்றைக்கு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதபோது என்ன சொன்னார்? அதையும் நானாகவே கற்பனை பண்ணிக்கொண்டேன் போலிருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைதான். கேட்டால் இப்போது பதில் சொல்லிவிடுவார், அதனால் கேட்கவில்லை.

தெரபியை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். பாவம், உன் ஆசை. நடக்கட்டும்.

அன்புடன்,
அம்மா

*

மகளே,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். லீவு கிடைத்து நீ கிளம்புவதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். 'தண்ணி புரை ஏறிடுச்சு' என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அவ்வளவுதான் என்றும் இல்லை.

கொஞ்ச நாளாகவே கெட்டித் தண்ணீரைக் கண்டால் அவருக்கு ஆத்திரம். கரண்டியைத் தட்டிவிடுவார். 'பசை' என்பார். அந்த வார்த்தையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே வந்தது. அவர் கேட்டாலும் பச்சைத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பெண் எனக்கும் சொல்லி, டெய்லரம்மாவுக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கென்றுதான் எடுத்தேன். 'பச்சைத் தண்ணி' என்றார். தலையை ஆட்டினேன். வழக்கமான வசவு வந்தது. நான் எழுந்து போகவில்லை. என் பெயரைச் சொல்லுங்கள், தருகிறேன் என்றேன்.

முறைத்தார். அவருடைய இடது கையைப் பிடித்து, என் பெயரில் இருக்கிற எழுத்துக்கு ஒரு தட்டாகத் தட்டினேன். வாயை மூடிக்கொண்டார். ஒரு வாய் நான் குடித்தேன். என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தார். மறுபடி தட்டினேன். இன்னொரு வாய் குடித்தேன். அவர் உதடு வறண்டு வெள்ளை பூத்திருந்தது. முதலில் பாதிப் பெயர் வந்தது. பாதிக்குக் கிடையாது என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

அப்புறம் முழுசாகச் சொன்னார். குளறவில்லை. ஸ்டேஷனில் கேட்பார்களே, அந்தக் குரல். என் பெயர் அந்த வாயில் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கொடுத்தேன். கரண்டி எடுக்கவில்லை. மோவாயைத் தாழ்த்தச் சொல்லவில்லை. டம்ளரை வாயில் வைத்தேன், அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தார். பிறகு கண் பிதுங்கியது, உதடு நீலம் பாய்ந்தது, கை என் புடவையைப் பிடித்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. அதற்கப்புறம்தான் அவரைச் சாய்த்து முதுகில் அடித்தேன், டெய்லரம்மாவைக் கூப்பிட்டேன்.

நுரையீரலில் சீழ் கட்டிவிட்டதாம். மூக்கில் ஒரு குழாய், தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய். பிழைத்தாலும் இனிமேல் பேச்சுக்கு வழியில்லை, சாப்பாடும் குழாய் வழியேதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். அவர் கேட்டார், கொடுத்தேன் என்றேன். 'தெளிவா கேட்டாராம்மா?' என்றாள். ரொம்பத் தெளிவாக என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லமாட்டாள் என்று தோன்றுகிறது, சொன்னாலும் குற்றமில்லை.

கண் திறக்கும்போதெல்லாம் யாரையோ தேடுகிறார் என்று நர்ஸ் சொல்கிறாள். என்னைத்தானாம். நான் உள்ளே போவதில்லை. வராந்தாவில் பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று நன்றாக வருகிறது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வரும்போது குழந்தையைக் கூட்டிக்கொண்டு வராதே. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நேராக அவர் அறைக்கு ஓடிவிடாதே கண்ணு. முதலில் இந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். அதற்கப்புறம் உள்ளே போய் அவர் முகத்தைப் பார். பார்த்த பிறகு என்னிடம் வருவதும் வராததும் உன் இஷ்டம்.

உன் அம்மா